எட்டுக்கால் பூச்சிக்கு வந்த வாழ்வு

யுத்த காலத்தில் பிரம்மதேசம் கிராமத்தில் எல்லார் வீட்டிலும் கேப்பைக் கூழ்தான். ஒரு நாள் காலையில் லட்சுமியம்மாளின் உதடு கொப்பளித்துக் கிடந்தது.

“ஒட்டடை அடிடின்னா கேக்கறியா? தூங்கிக்கினு இருக்கசொல்ல எட்டுக்கால் பூச்சி மூத்திரம் வுட்டுட்டுது. அதை அடிச்சிக் கொல்லு!” என்று மருமகள் மேல் எரிந்து விழுந்தாள்.

“ஆமாங்கத்தே, என் வெரல்லயும் வுட்டிருக்குது” என்று பாஞ்சாலி துடைப்பத்தை ஓங்கினாள்.

வாசலில் தோப்புக்காரர் சக்கரபாணி நின்றார்.

“அக்கா, யாரோ நம்ம தோப்புல பச்சை முந்திரிக்கொட்டையத் திருடி உரிச்சித் தின்னுருக்காங்க. அந்தப் பாலு பட்டு வாயும் வெரலும் வெந்திருக்கும். யாரையாச்சும் பாத்தீங்களா?”

லட்சுமியம்மாளின் முந்தானை சட்டென்று வாய்க்குப் போனது. மருமகளின் கை முதுகுக்குப் பின்னால் போனது.

“இல்லியே, தம்பி.”

அவர் போனதும் பாஞ்சாலி மறுபடி துடைப்பத்தை எடுத்தாள்.

“வுட்டுடுடி! யாராச்சும் கேட்டா காட்டறதுக்கு வூட்ல ஒரு பூச்சியாச்சும் வோணும்.”