முப்பது செகண்ட்

மேலாளர் நாற்காலியை எட்டி உதைத்தார். டிக்கெட் பதிவு செய்யும் பதினெட்டு கணினி சர்வீஸும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டிருந்தன.

“எந்த சர்வீஸா இருந்தாலும் இன்னொண்ணோட பதிலுக்கு முப்பது செகண்ட் காத்திருக்கணும்னு காலையில நானே உட்கார்ந்து பொது செட்டிங்ல கமாண்ட் அடிச்சு வச்சேன். அதுல எவன் கை வச்சான்?”

“சார், அது வந்து...” என்றாள் பொறியாளர் பெண்.

“வந்து போயின்னு இழுக்காதீங்க! அங்க ஒரு வரி மாத்தினா பதினெட்டும் மாறும். கடைசியா மாத்தினவன் பேரு பட்டியல்ல இருக்கா, இல்லையா?”

“இருக்கு சார். ஆனா...”

“ஆனாவும் வேணாம், ஆவன்னாவும் வேணாம்! என் கூடப்பிறந்தவனா இருந்தாலும் சரி, அந்த ஆளோட அனுமதியை இப்பவே பிடுங்குங்க!”

“ஒரு நிமிஷம் சார்...”

“ஒரு நொடிகூடக் கிடையாது. அடிங்க கமாண்டை!”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வரி அடித்து, என்டரைத் தட்டினாள்.

மேலாளரின் திரையில் சிவப்பாக எழுத்து வந்தது: ‘உங்களுக்கு அனுமதி இல்லை.’

“என்ன கூத்து இது?”

“இன்னைக்கு மாத்தினது நீங்க ஒருத்தர்தான் சார். வெறும் முப்பதுன்னு அடிச்சிருக்கீங்க. பக்கத்துல செகண்டுன்னு போடலன்னா அது மில்லி செகண்ட். கண் சிமிட்டுற நேரம்கூட இல்ல. பதில் வர்றதுக்குள்ள எல்லாம் கத்திட்டுப் படுத்துடுச்சு.”

“இதை முதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!”

“மூணு தடவை வாயைத் திறந்தேன் சார்” என்றாள் அவள். “எனக்கும் நீங்க அதே முப்பதுதான் குடுத்தீங்க.”