சம்பந்தி போட்ட கோடு

"பவர் வேணுமா சார், கண்ட்ரோல் வேணுமா?"

பிக்கிள்பால் ஆடுகிற மட்டையை, அதாவது பேடிலை, விற்கிற பெண் கேட்டதும் பல் டாக்டர் யோசிக்கவே இல்லை.

"ரெண்டும்."

"ரெண்டும் ஒண்ணா வராது சார். இது மெல்லிசு. லேசா தட்டினாலே பந்து பறக்கும். இது தடிப்பா இருக்கும். பந்து மெதுவாத்தான் போகும், ஆனா நினைச்ச இடத்துல விழும்."

"தடிப்பா இருக்கறதையே எடுங்க. ஏற்கெனவே உங்க பந்து பறந்துக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள் மனைவி.

டாக்டர் மெல்லிசைத்தான் வாங்கினார். ஒரு கடைக்காரப் பெண் முன்னால் நின்று, 'எனக்குப் பவர் வேண்டாம்மா' என்று சொல்ல எந்த ஆம்பிளைக்கு மனசு வரும்?

பிக்கிள்பால் அவருக்கு விளையாட்டு இல்லை, மானப் பிரச்சினை. எதிரில் ஆடுகிறவர் சம்பந்தி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார், எதிர் பிளாக்கில் குடியிருக்கிறார். ஞாயிறு காலையில் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் வண்டிகளை ஒதுக்கி, நடுவில் வலையைக் கட்டி ஆடுவார்கள். எல்லைக்குச் சாக்பீஸ் கோடு. அவரவர் பக்கத்துக் கோட்டை அவரவரே போட்டுக்கொள்வது முதல் நாளிலிருந்து வழக்கம். சம்பந்தியைச் சம்பந்தி சந்தேகப்பட முடியுமா?

ஸ்கோர் சொல்வது மருமகள். "மாமா ஜெயிச்சுட்டார்" என்று அவள் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். இதுவரை அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

புதுப் பேடிலோடு ஆடிய முதல் ஞாயிறு, கடைக்காரப் பெண் சொன்னது போலவே பந்து பறந்தது.

"அவுட் சம்பந்தி. ஜஸ்ட் அவுட்."

மறுபடி பறந்தது.

"இதுவும் அவுட். ஆனா என்ன வேகம் சம்பந்தி! பேடில் பிரமாதம்!"

தோற்றதுகூடப் பரவாயில்லை, அந்தப் பாராட்டுதான் எரிந்தது. பல்லுக்குள் நூல் மாதிரி ஓடுகிற நரம்பைத் தேடிப் பிடிக்கிற கைக்கு, இத்தனை பெரிய இடத்தில் ஒரு பந்தைப் போடத் தெரியவில்லை என்றால் நம்பவா முடிகிறது?

அடுத்த ஞாயிறு காலை. பல் துலக்கிக்கொண்டே பால்கனிக்கு வந்தவர், பிரஷ்ஷும் வாயுமாக அப்படியே நின்றுவிட்டார்.

கீழே சம்பந்தி தனியாகக் குனிந்து, பழைய கோட்டைக் காலால் தேய்த்து அழித்துவிட்டு, புதுக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் போடுகிறார் என்று தெரியாதபடி முதுகு மறைத்தது. தெரிய வேண்டிய அவசியமும் டாக்டருக்கு இல்லை.

"இங்க வா! உன் சம்பந்தியோட லட்சணத்தைப் பாரு. கோட்டை நகர்த்தறார்!"

"அழிஞ்சிருக்கும், போடறார்."

"அதுக்கு எதுக்குச் சுத்துமுத்தும் பாக்கறார்? இப்பத்தான் புரியுது, என் பந்தெல்லாம் ஏன் அவுட்டுனு. பொண்ணு கொடுத்த இடத்துல பண்ற வேலையா இது?"

சம்பந்தி உடை மாற்ற வீட்டுக்குப் போனதும் டாக்டர் கீழே இறங்கினார். தன் பக்கத்துக் கோட்டை அழித்து, ஒன்றரை அடி உள்ளே தள்ளிப் போட்டார். 'இது ஏமாத்து இல்லை, பதிலுக்குப் பதில்' என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் 'வலிக்கவே வலிக்காது' என்று சொல்வாரே, அதே குரலில்.

அன்றைக்கு ஆட்டம் தலைகீழாக மாறியது.

டாக்டர் அடித்ததெல்லாம் கோட்டுக்குள்ளேயே விழுந்தது. சம்பந்தி அடித்தது விரல்கடை தூரத்தில் வெளியே விழுந்தது.

"அவுட் சம்பந்தி. ஜஸ்ட் அவுட்."

சம்பந்தி அந்தக் கோட்டைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். பந்தை எடுத்துக்கொண்டு போனார்.

"மாமா ஜெயிச்சுட்டார்!" மருமகள் குதித்தே விட்டாள். அவளை விடப் பலமாகக் கைதட்டியவர் சம்பந்திதான்.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "வெறும் பவர் பத்தாது சம்பந்தி, கண்ட்ரோலும் வேணும். உங்க பந்தெல்லாம் வெளியில போகுது பாருங்க. முதல்ல பேடிலை மாத்துங்க."

"மாத்திடறேன் சம்பந்தி" என்றார் அவர், பவ்யமாக.

அப்பாவும் மகளும் வீட்டுக்குள் போன பிறகு, டாக்டர் மனைவியைக் கூப்பிட்டு, அளவு டேப்பைக் கொண்டுவந்து சம்பந்தி ஆடிய பக்கத்தில் விரித்தார்.

"வலைகிட்ட இந்த முனையைப் பிடி. கோட்டைக் குறைச்சும் மனுஷனால என்னை ஜெயிக்க முடியலைன்னு நீ உன் கண்ணால பாக்கணும். இருபத்திரண்டு அடி இருக்கணும், தெரியுமா?"

கோட்டருகே குந்தி உட்கார்ந்து டேப்பைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எவ்வளவுங்க குறைச்சிருக்கார்?"

டாக்டர் டேப்பை இன்னும் இறுக்கி இழுத்துப் பார்த்தார்.

"என்னங்க?"

"குறைக்கலை. இருபத்து நாலு இருக்கு."

போன வாரம் அவர் பந்தெல்லாம் எங்கே போய் விழுந்ததோ, அதுவரைக்கும் கோடு வந்து நின்றிருந்தது. டாக்டருக்கு முகமே இல்லாமல் போயிற்று. பூமி கொஞ்சம் பிளந்தால் பேடிலோடு உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"அடடா, என்ன மனுஷன்!" மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, டேப்பின் முனையோடு வலையைச் சுற்றி மறுபக்கம் நடந்தாள். "வாங்க, நம்ம பக்கத்தையும் அளந்து பாத்துடலாம்."

டாக்டர் பதறி எழுந்தார். சாக்பீஸ் படிந்த விரல்களை அவசரமாகப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"அதை எதுக்கும்மா அளக்கணும்? அது நான் போட்ட கோடுதானே!"