உள்ளது மட்டும்

கட்டைவிரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துப்பேச்சியின் புறங்காலில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பள்ளம். அது மேலே வரவில்லை.

"ஊதிப்போச்சு, யக்கா. செருப்பு நுழைய மாட்டேங்கு," என்றாள் முத்துப்பேச்சி. குரலில் வருத்தம் இல்லை. முகம் உப்பி, கண்கள் இரண்டு கீறலாகியிருந்தன.

சிறுநீரகம் இரண்டும் போனவள். வாரம் இருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறவள். பொங்கலோடு நிறுத்திவிட்டாள். மூன்று முறை போகவில்லை.

காரணம், கட்டிலுக்கு எதிரே கண்ணாடிச் சட்டத்தில் செருகியிருந்தது.

வாக்குத்தத்த அட்டை.

புத்தாண்டு அன்று சபையில் ஆளுக்கொன்று எடுப்பார்கள். பார்க்காமல் எடுக்க வேண்டும். எந்த வசனம் வருகிறதோ, அது அந்த வருஷத்துக்குக் கர்த்தர் தந்த வாக்கு.

மீந்த அட்டைகளைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள், சபை ஊழியம் செய்கிற அவள்தான். இசக்கியம்மன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்த முத்துப்பேச்சி, கையைச் சேலையில் துடைத்துவிட்டு ஒன்றை எடுத்தாள். அந்த வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அவளிடமே நீட்டினாள்.

மரண இருட்டின் பள்ளத்தாக்கிலும் அவர் கூடவே வருவார் என்று இருந்தது.

அவ்வளவுதான்.

அவள் நிமிர்ந்து முத்துப்பேச்சியின் முகத்தைப் பார்த்தாள். வெகுநாளைக்குப் பிறகு எதையோ எதிர்பார்த்த முகம். அதற்கு இந்த இரண்டு வரி போதாது என்று பட்டது.

"நீ சாகமாட்ட, பிழைச்சிருப்பன்னு போட்டிருக்கு."

அது வேறோர் அட்டையில் உள்ளது. அவளுக்கு எல்லாம் மனப்பாடம்.

அன்று வீடு திரும்பும்போது மனசு லேசாக இருந்தது.

இன்று மதியம் முத்துப்பேச்சியின் புருஷன் கொம்பையா சபை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"நீங்க சொன்னாத்தான் கேப்பா, யக்கா. நாலு மணிக்கு மிஷின் ஒதுக்கியிருக்காவ. இன்னிக்கும் விட்டா பெறவு கொண்டுவந்து புண்ணியமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

இப்போது மணி மூன்றரை. வெளியே ஆட்டோ நின்றது. கொம்பையா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எந்திரி, பேச்சி. போவோம்."

"எதுக்கு? உங்க சாமிதான் எழுதிக் குடுத்துட்டாரே. பெறவும் ஊசி குத்தப் போனா, அவரை நம்பலன்னு ஆயிராதா?"

இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முத்துப்பேச்சியே கண்டுபிடித்திருந்தாள்.

"மருந்தும் அவர் குடுத்ததுதான்."

"அது சாவப்போறவங்களுக்கு."

முத்துப்பேச்சி பேசும்போது மூச்சில் மூத்திர வாடை அடித்தது.

அவள் எழுந்து போய் அட்டையை உருவினாள். சட்டத்தில் அது இருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் இருந்தது.

"இதுல அப்படி இல்ல, பேச்சி. நான் மாத்தி வாசிச்சேன்."

கொம்பையா நிலையிலிருந்து கையை எடுத்தான்.

"பெறவு என்னதான் போட்டிருக்கு?"

"கூடவே வருவாருன்னு."

"எங்க போறதுக்கு?"

அவள் அட்டையைத் திருப்பிப் பிடித்தாள்.

வெளியே ஹாரன் அடித்தது.

"பாவம்னு நெனைச்சியளோ?"

"ஆமா."

"நெனைச்சிருக்க வேண்டாம்."

முத்துப்பேச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் அட்டையும் கையுமாக நின்றாள். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் போய் மூடவில்லை.

பிறகு சுவரைப் பார்த்தபடியே ஒரு கை நீண்டது.

"இந்தா மனுசா, தூக்கு. கல்யாணத்தன்னைக்குக்கூட நீ ஆட்டோ கொண்டுவரல."

கொம்பையா பாய்ந்து போய்த் தூக்கினான். செருப்பைத் தேடவில்லை. வாசலில் முத்துப்பேச்சி நிறுத்தச் சொன்னாள். கீறல் கண்கள் அவளைத் தேடின.

"நீங்களும் ஏறுங்க, யக்கா. கூட வாரதுன்னா வரணும்லா."

நாலு மணிக்கு அவளுக்கு ஜெபக்கூட்டம் இருந்தது. ஏறினாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

டிரைவர் என்ஜினை அணைத்தார். அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்த கொம்பையா, இறங்கித் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பார்த்தான். எதுவும் வரவில்லை. கேட்காரரிடம் ஏதோ கெஞ்சினான். அவர் தலையசைத்தார்.

முத்துப்பேச்சி பின்சீட்டில் அவள் தோளில் சாய்ந்திருந்தாள். ஒரு கையால் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள்.

"அட்டை இருக்கா?"

"இருக்கு."

"வாசிங்க. உள்ளது மட்டும்."

அவள் வாசித்தாள். ஓர் எழுத்து கூடவில்லை, குறையவில்லை. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

முத்துப்பேச்சி 'உம்' என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

ரயில் வந்தது. சரக்கு ரயில். பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. ஆட்டோவின் தகரம் அதிர்ந்தது. அவள் குனிந்து பார்த்தாள். முத்துப்பேச்சியின் வெறும் கால். தன் கட்டைவிரல் பதிந்த குழி இன்னும் நிரம்பவில்லை.

கடைசிப் பெட்டி போனது. கேட் மேலே ஏறியது. கொம்பையா ஓடிவந்து டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டான்.

"போங்கண்ணே, போங்க."

தோள் கனத்தது. மணிக்கட்டில் முத்துப்பேச்சியின் பிடி இல்லை.

அவள் கொம்பையாவின் முதுகைப் பார்த்தாள். அட்டையை முகத்துக்கு நேரே தூக்கினாள்.

மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். உள்ளது மட்டும்.