காலி டிஸ்க்

“காலி டிஸ்க்கைக் குடுத்து ஏமாத்துறீங்களா? என் கல்யாண வீடியோ எங்கே?”

நசரத்பேட்டை ஸ்டூடியோவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான் தமிழரசு.

ஸ்டூடியோக்காரர் பரந்தாமன் அந்த ஹார்ட் டிஸ்க்கைத் தன் மேக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார். ஒன்றுமே இல்லை.

“மன்னிச்சிக்கோங்க சார். இன்னொரு காப்பி கீது” என்று மறுபடியும் ஏற்றிக் கொடுத்தார்.

“இனிமேலாவது ஒழுங்கா வேலை பாருங்க!”

வாசல்வரை கூடவே வந்த பரந்தாமன் குரலைத் தாழ்த்தினார்.

“மேக்குல போட்ட டிஸ்க்கு விண்டோஸ்ல தொறக்காது சார். ‘ஃபார்மட் பண்ணவா’ன்னு கேக்கும். நீங்க ‘ஆமா’ன்னு அமுக்கி மொத்தத்தையும் அழிச்சிட்டீங்க. இப்போ ரெண்டுலயும் தொறக்கிற மாதிரி போட்டுக்கீறேன். அத்தினி பேரு எதிர்ல சொல்ல வாணாம்னுதான் கம்முனு இருந்தேன்.”

தமிழரசு, கழுத்தில் தொங்கிய சாஃப்ட்வேர் கம்பெனி அடையாள அட்டையை மெல்லச் சட்டைக்குள் தள்ளினான்.