கீழ் வீட்டுக் கருவாடு

சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சந்திரகாந்தி கதவைத் திறந்தாள். வெதுப்பகத்தில் இரவு வேலை முடித்து வந்த குணசேகரத்துக்குச் சப்பாத்தைக் கழற்றக்கூட நேரம் கொடுக்கவில்லை.

“திரும்பவும் கருவாடு. கமினுக்குள்ளால ஏறி வருது. இந்த வீட்டில மனுசர் இருக்கேலாதப்பா.”

கமின் என்று அவள் சொன்னது முன்னறைச் சுவரில் இருந்த பழைய கணப்பை. ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் அந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து அதில் ஒரு விறகும் எரிந்ததில்லை. குளிர்காலத்தில் கூதல் காற்று இறங்குவதற்குத்தான் அது உதவியது. இப்போது கொஞ்ச நாளாக மணமும் வருகிறதாம்.

குணசேகரம் குனிந்து, கணப்புக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். முகத்தில் காற்று அடித்தது. மணம் ஒன்றும் தெரியவில்லை. காலமெல்லாம் புளித்த மாவை மோந்த மூக்கு, செத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

“பலகை ஒண்டு வெட்டி அடைச்சுவிடுறன்.”

“மேலை மட்டும் அடைச்சுச் சரிவராதாம். புகைக்கூடு பார்க்கிற மனுசனிட்டை நான் டேர்மின் எடுத்து வரச்சொல்லி, நேற்று வந்து பாத்திட்டுப் போனவர். ரெண்டு வீட்டுக்கும் ஒரே புகைக்கூடாம். கீழையும் வாய் திறந்து கிடக்காம். ரெண்டையும் ஒண்டா அடைக்க வேணுமாம்.”

குணசேகரம் கதிரையில் இருந்துவிட்டார். கீழ் வீட்டில் இருப்பது அவருடைய தம்பி சிறீதரன்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய வீடு அது. ஊரில் தாயார் காலமானபோது மரண அறிவித்தல் கொடுத்தவன் சிறீதரன். மருமக்கள் வரிசையில் எல்லாருடைய பெயரும் இருந்தது, சந்திரகாந்தியின் பெயர் மட்டும் இல்லை. “என்ரை மனுசி உனக்கு ஆளாத் தெரியேல்லையோ?” என்று அன்றைக்குக் கேட்டதுதான் கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு படியில் கண்டால் இருவரும் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். கோபமும் அப்படித்தான் ஆகியிருந்தது. ஆனால் முதலில் வாய் திறந்தவன் தோற்றவன் என்று இரண்டு பேருக்கும் ஒரு நினைப்பு. அந்த வீம்பைச் சுமந்து சுமந்தே குணசேகரம் களைத்துப்போயிருந்தார்.

“நீரே போய்ச் சொல்லுமன்.”

“என்ரை பேரே தெரியாத வீட்டுக்கு நான் என்னெண்டு போறது?” என்று கேட்டுவிட்டுச் சந்திரகாந்தி குசினிக்குள் போனாள்.

குணசேகரம் சப்பாத்தைக் கழற்றி வைத்தார். படுத்து எழும்பிப் பார்க்கலாம் என்று அறைப் பக்கம் நடந்தவர் பாதி வழியில் நின்றார்.

“இஞ்சரும், என்ன கருகுது?”

அவருடைய செத்த மூக்குக்கே எட்டிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், பருப்பு அடிப்பிடித்துக் கரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில்தான் சந்திரகாந்தி முதுகைக் காட்டி நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று திரும்பிச் சட்டியை இறக்கினாள்.

“இந்தக் கருவாட்டு யோசினையில கவனிக்கேல்லை.”

பாவம், அவளும் முதியோர் இல்லத்தில் மாடாய் உழைக்கிறவள். இதற்கு இன்றைக்கே ஒரு முடிவு கட்டாவிட்டால் இவள் வீட்டையும் எரித்துவிடுவாள் என்று அவருக்குப் பட்டது. கழற்றிய சப்பாத்தைத் திரும்பவும் மாட்டிக்கொண்டு படி இறங்கினார்.

சிறீதரன்தான் கதவைத் திறந்தான். தலை நன்றாக நரைத்திருந்தது. இதைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லையே என்று குணசேகரத்துக்கு இருந்தது.

“கமினை அடைக்க வேணும்,” என்றார், அவனுடைய தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு. “உங்கடை கருவாட்டு மணம் மேலை வருதாம்.”

“கருவாடோ? என்ரை மனுசிக்குப் பிறெஷர். கறிக்கே உப்புப் போடுறேல்லை அண்ணை. கருவாட்டைக் கண்டு வருசக்கணக்கு.”

அந்த ‘அண்ணை’ அவருடைய நெஞ்சுக்குள் எங்கேயோ போய் இடித்தது. “சரி, பலகை வாங்கி அடைப்பம்,” என்று சிறீதரன் கார்த் திறப்பை எடுத்தான்.

கட்டடச் சாமான் கடைக்கு இருவரும் சேர்ந்து போனார்கள். பலகையும் தீப்பிடிக்காத பஞ்சும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, சிவப்பு விளக்கில் நின்ற இடத்தில் சிறீதரன் பழைய கதையை எடுத்தான்.

“அண்டைக்கு அழுதழுதுதான் போனில பேர் சொன்னனான். அண்ணியின்ரை பேர் விடுபட்டதை அறிவித்தல் வெளியில வந்தாப் பிறகுதான் கண்டனான். நீங்கள் கேட்ட கேள்வியில எனக்கும் ரோசம் வந்திட்டுது.”

“தெரியும்,” என்றார் குணசேகரம். “விடு. பச்சை விழுந்திட்டுது, எடு.”

அண்ணன் பிடிக்கத் தம்பி அறுத்தான். பின்னேரத்துக்குள் கீழ் வாயும் மேல் வாயும் அடைபட்டுவிட்டன. சிறீதரன் மேல் வீட்டில் இருந்து, அண்ணி போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நாளைக்குச் சாப்பிட வரச்சொல்லி இருவரையும் கேட்டுவிட்டுத்தான் படி இறங்கினான்.

குணசேகரம் புதுப் பலகையைத் தட்டிப் பார்த்தார். உடம்பெல்லாம் அலுப்பு, ஆனால் நெஞ்சில் பாரம் இல்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“அவை கருவாடே சமைக்கிறேல்லையாம். அப்ப உமக்கு என்னதான் மணந்தது?”

சந்திரகாந்தி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“கொரோனா வந்து போன நாளிலயிருந்து எனக்கு ஒரு மணமும் தெரியாதப்பா.”