கயிற்றில் கை வைத்தவர்கள்

“நீங்கள் முன்னுக்கு ஏறுங்கோ அண்ணை. உங்களோடைதான் அவருக்குப் பாசம் கூட.”

கீர்த்தனன் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டான். தில்லையம்பலம் கோசலையைப் பார்த்தார். கோசலை தன் கையிலிருந்த அப்பிள் பையைப் பார்த்தாள். நோயாளியைப் பார்க்கப் போவதுபோல அதை யார் வாங்கச் சொன்னார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருந்த அந்தப் பழைய கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. குசினியில் நாள் முழுக்க நின்று சமைத்துப் பழகிய மூன்று பேருக்கும் இன்று முதற்படியிலேயே கால் வலித்தது.

மேலே குடியிருப்பவர் யூலியன். இவர்கள் வேலை செய்யும் லாச்சப்பல் சாப்பாட்டுக் கடையின் தலைமைச் சமையல்காரர், பாண்டிச்சேரிக்காரர். அதற்கு முன் பிரெஞ்சுக் கடற்படையின் பாய்மரப் பயிற்சிக் கப்பலில் சமைத்தவர்.

வெங்காயம் வெட்டும்போதெல்லாம் அந்தக் காலத்துப் போர்க்கப்பல்களில் நடந்த கலகங்களைச் சொல்லுவார். புழுத்த இறைச்சி, மாதக்கணக்கில் வராத சம்பளம், கரை கண்ணுக்குத் தெரிந்தும் இறங்க விடாத கப்டன். பொறுத்துப் பொறுத்து ஒருநாள் ஒருவன் முடியாது என்பான். மற்றவர்கள் அவன் பின்னால் நிற்பார்கள். கலகம் அடங்கியதும் கப்டன் எல்லோரையும் மன்னித்துவிட்டு அந்த ஒருவனை மட்டும் பாய்மரத்தில் தூக்கிலிடுவான். கயிற்றை இழுக்க வேண்டியவர்கள் அவனுடைய கூட்டாளிகள். அதற்குப் பிறகு அந்தக் கப்பலில் எவனும் இன்னொருவனை நம்ப மாட்டானாம்.

அதைக் கேட்டபோது தில்லையம்பலம் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “நானெண்டால் என்னையும் சேர்த்துத் தூக்கச் சொல்லியிருப்பன். கயித்திலை கை வைக்க மாட்டன்” என்றார். வெங்காயத்துக்கு முன்னால் நின்று வீரம் பேசுவது சுலபம்.

போன வாரம் மதியக் கூட்டம் வரும் நேரத்தில் போன் வந்தது. தில்லையம்பலத்தின் மனைவி நாகேஸ்வரி மயங்கி விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள் என்றார்கள். பத்ரோன் என்று எல்லோரும் அழைக்கும் முதலாளியோ, மதியச் சாப்பாடு முடியும்வரை யாரும் வாசலைத் தாண்டக் கூடாது என்றார். யூலியன் தன் ஏப்ரனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“தில்லை போகட்டும். இல்லேன்னா நானும் சமைக்க மாட்டேன்.”

கோசலையும் கீர்த்தனனும் தங்கள் ஏப்ரன்களையும் அதன்மேல் போட்டார்கள். அன்று வந்தவர்கள் பசியோடு திரும்பிப் போனார்கள். நாகேஸ்வரி கண் திறந்தபோது தில்லையம்பலம் அவள் பக்கத்தில் இருந்தார்.

நேற்று மாலை பத்ரோன் மூவரையும் கூப்பிட்டார். உங்களை மன்னித்துவிட்டேன், யூலியனுக்கு மட்டும் இனி வேலை இல்லை என்றார். நாளை விடுமுறைதானே, நீங்கள் மூவரும் அவர் வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிவிட்டு வாருங்கள். போகாதவருக்கும் இங்கே வேலை இல்லை என்றார்.

தில்லையம்பலத்துக்கு இது இந்த நாட்டில் தங்குவதற்கான கார்டைப் புதுப்பிக்கிற மாதம். வேலை போனால் கார்டும் போகும். காரணம் நல்ல காரணம்தான். ஆனாலும் பியர்ஃபித்தில் உள்ள வீட்டை விட்டுப் புறப்படும்போது எங்கே போகிறேன் என்று மனைவியிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கதவைத் தட்டியதும் யூலியன் உடனே திறந்தார். “வாங்க, உள்ள வாங்க” என்றவர், கடைசியாக நுழைந்த தில்லையம்பலத்தைப் பார்த்து ஒரு கணம் கதவைச் சாத்த மறந்து நின்றார். பிறகு நாகேஸ்வரியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பரவாயில்லை என்றார் தில்லையம்பலம். இந்த மனிதர் ஒரு வார்த்தை திட்டினால்கூட நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

யூலியனின் கையில் பாதி குடித்த காப்பி இருந்தது. மேசையில் காப்பிக் கெண்டியும் இரண்டு கோப்பைகளும் தயாராக இருந்தன. அவற்றில் ஊற்றிக் கோசலைக்கும் கீர்த்தனனுக்கும் கொடுத்தார். தனியாள் வீடு, இருப்பதே இவ்வளவுதான் போலும் என்று தில்லையம்பலம் நினைத்துக்கொண்டார்.

“சரி, சொல்ல வந்தத சொல்லுங்க.”

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“பத்ரோன் ஒரு விசயம் சொல்லச் சொன்னவர் அண்ணை” என்று கீர்த்தனன் தொடங்கினான்.

“நாளையிலயிருந்து நீங்கள்…” என்று கோசலை கொஞ்சம் நகர்த்தினாள்.

“வேலைக்கு வர வேண்டாமாம்” என்றார் தில்லையம்பலம்.

ஒரு சின்ன வாக்கியத்தை மூன்று பேராகச் சேர்ந்து இழுத்து முடித்தார்கள். தில்லையம்பலத்துக்கு உள்ளங்கை எரிந்தது. வெட்கத்தில் கையை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டார்.

யூலியன் தலையாட்டினார். அவருக்குக் கோபமும் இல்லை, வியப்பும் இல்லை.

“உங்களுக்கு முதலே தெரியுமோ அண்ணை?” என்று கீர்த்தனன் கேட்டான்.

“பத்ரோன் காலையிலேயே போன் பண்ணிட்டாரு. ‘உன் ஆளுங்களே வந்து சொல்லுவாங்க, மூணு பேரும் வருவாங்க’ன்னாரு. மூணு பேரும் வர மாட்டாங்கன்னு நான் சொன்னேன். ‘ஒருத்தர் குறைஞ்சாலும் நீ நாளைக்கு வேலைக்கு வா, வராத அந்த ஆளையும் கூட்டிக்கிட்டு வா’ன்னு சிரிச்சாரு.”

அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். உள்ளே கோப்பைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. அதில் ஒன்றை எடுத்துக் கழுவி, காப்பி ஊற்றி, தில்லையம்பலத்தின் முன்னால் வைத்தார்.

“தப்பா எடுத்துக்காத தில்லை. நீ வர மாட்டேன்னு நெனச்சு ரெண்டு கப்புதான் எடுத்து வெச்சிருந்தேன்.”