வழிமொழிய ஒரு கை

1908 மார்ச் மாதம், கீழப்பட்டினம் வர்த்தகச் சங்கக் கூடத்தில் வணிகர்கள் கைதூக்கி, ஊருக்கு ரயில் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ரயில் வந்தது. அதன் பின்னால் பஞ்சாலையும் உப்புக் கிடங்குகளும் வந்தன.

நூறு வருடங்களுக்குப் பிறகு அதே கூடத்தில் சங்கத் தலைவர் மிராண்டா தனியாக உட்கார்ந்திருந்தார். ரயில் இனி இந்த ஊரில் நிற்காது என்று அறிவிப்பு வந்திருந்தது. சங்கம் தீர்மானம் போட்டு ஆட்சேபித்தால் ரயில்வேக்காரர்கள் மறுபடி யோசிப்பார்கள். ஆட்சேபிக்க அன்றுதான் கடைசி நாள். அவரைத் தவிர மிச்சமிருந்த ஒரே உறுப்பினர் உதுமான் போன வாரம் இறந்துவிட்டார். அவருடைய நாற்காலியையும் சேர்த்துத்தான் துடைத்துவைத்திருந்தாள், கூடத்தைப் பெருக்கும் பாக்கியம்.

மிராண்டா எழுந்து நின்று தீர்மானத்தைச் சத்தமாக முன்மொழிந்தார். வழிமொழிய ஆள் வேண்டும். நாற்காலிகளைப் பார்த்தபடி நின்றார்.

"நான் கை தூக்குதேன் அண்ணாச்சி," என்றாள் பாக்கியம், வாசலிலிருந்து.

"உறுப்பினர்தான் தூக்கணும்மா."

"அப்ப என்னையும் சேத்துக்கிடுங்க. உங்க எல்லாரையும் விட நாந்தான் ஒழுங்கா வாரேன்."

அவர் சிரித்துவிட்டார். "உன்னைச் சேக்கணும்னாலும் ஒருத்தர் முன்மொழியணும், இன்னொருத்தர் வழிமொழியணும்."

"யாரு வச்ச சட்டம் இது?"

"நாங்கதான்."

பாக்கியம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள். மிராண்டாவும் தூக்கினார். கொஞ்ச நேரம் இரண்டு கைகளும் அப்படியே இருந்தன. பிறகு அவர் தன் கையை மட்டும் எண்ணி, தீர்மானம் நிறைவேறவில்லை என்று அறிவித்தார்.

ஜூன் முதல் தேதியிலிருந்து ரயில் அங்கே நிற்கவில்லை.